கெட்டிமேளத்துக்கு முன்னால்

பாலக்கோட்டில் மெத்தைக் கடை வைத்திருந்த அப்துல் ரஷீதின் மகள் சுல்தானா சினிமா பார்த்து வளர்ந்தவள் இல்லை, சினிமா கேட்டு வளர்ந்தவள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பார்க்கிறவனுக்குக் கண் இருக்கிறது. எது எப்போது நடக்கிறது என்று தெரிந்துவிடும். கேட்கிறவளுக்கு என்ன இருக்கிறது? சத்தம் வந்தால் நடக்கிறது. சத்தம் வராவிட்டால் இன்னும் நடக்கவில்லை. இந்தப் பாடத்தை அவளுக்கு ஒருத்தரும் சொல்லித் தரவில்லை, தானாகவே படித்துக்கொண்டாள். அதுதான் அவளைக் கவிழ்த்தது.

அவர்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டி ஒரு டூரிங் டாக்கீஸ் இருந்தது. ஊரில் கொட்டாய் என்பார்கள். ரஷீத் ஐந்து வேளைத் தொழுகை தவறாத மனிதர். சினிமா என்று பேச்சை எடுத்தாலே முகம் சுண்டிப்போகும். வீட்டுப் பெண்கள் கொட்டாய்ப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தார். போட்டு என்ன பிரயோஜனம்? ஒலிபெருக்கிக்குச் சுவர் ஏது, சட்டம் ஏது! சாயங்காலம் ஆனால் சுல்தானா பின்கட்டில் குண்டு பல்பின் கீழ் தலையணை உறை தைக்க உட்காருவாள். காளியம்மன் பாட்டுப் போட்டு டிக்கெட் கொடுக்க ஆரம்பிப்பதிலிருந்து, படம் முடிந்து ஜனங்கள் செருப்பைத் தேய்த்துக்கொண்டு போவது வரைக்கும் அவ்வளவும் காதில் விழும். ஒரே படம் வாரக்கணக்கில் ஓடும். வசனம் மனப்பாடமாகிவிடும்.

பத்தொன்பது வயதுக்குள் அவளுக்குத் தெரியாத கதை கிடையாது. உய்யென்று காற்று அடித்தால் எங்கோ ஒரு விளக்கு அணைகிறது, யாரோ சாகப்போகிறார்கள். சொம்பு உருண்டால் வெளியூர் போன மகனுக்கு ஆபத்து. கதாநாயகி லேசாக இருமினாளா, தொலைந்தாள். திருவிழாவில் பிரிந்துபோன அண்ணனும் தம்பியும் சின்ன வயசுப் பாட்டைப் பாடிக்கொண்டே ஒருத்தனை ஒருத்தன் கண்டுபிடிப்பார்கள். தலையில் அடிபட்டு எல்லாம் மறந்துபோனவனுக்கு இன்னொரு அடி விழுந்தால் போதும், பழசு அத்தனையும் திரும்பிவிடும். “நான் எங்க இருக்கேன்?” என்று அவன் கேட்பதற்குள் சுல்தானா ஊசியில் நூல் கோத்தபடியே அதைத் தன் வாயால் சொல்லி முடித்திருப்பாள். எல்லோரையும் அடித்துப் போட்ட பிறகு போலீஸ் ஜீப் ஊளையிட்டுக்கொண்டு வரும். “இவங்க எந்தப் படத்துலதான் சீக்கிரம் வந்திருக்காங்க!” என்று அவளே சொல்லி அவளே சிரித்துக்கொள்வாள்.

ஆனால் அவள் உயிரை விடுவது கல்யாணக் காட்சிக்கு. பெண்ணுக்குப் பிடிக்காத மாப்பிள்ளை மணையில் உட்கார்ந்திருப்பான். மந்திரம் ஓடும், நாதஸ்வரம் ஓடும். “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்று ஒரு பெரியவர் குரல் கொடுப்பார். உடனே தவில் எகிறும். சுல்தானா தையலை அப்படியே நிறுத்திவிடுவாள். மேளம் ஏறும், ஏறும், இதற்கு மேல் ஏற இடமில்லை என்கிறபோது, “நிறுத்துங்க!” என்று ஒரு குரல். பட்டென்று எல்லாம் அடங்கும். அடுத்த நொடி கொட்டாயே கைதட்டும், விசில் பறக்கும். சுல்தானாவும் இந்தப் பக்கம் யாருக்கும் கேட்காமல் இரண்டு விரலால் உள்ளங்கையைத் தட்டிக்கொள்வாள். எத்தனை தரம் கேட்டாலும் உடம்பு சிலிர்க்கும். அந்தக் குரல் ஒரு படத்திலும் தாமதமாக வந்ததில்லை, பாருங்கள்.

அந்தக் கொட்டாயில் மிஷின் ஓட்டியவன் ஹயாத் பாஷா. பொம்மிடிக்காரன், ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வீடு. அது ஒற்றை மிஷின் கொட்டாய். ஒரு ரீல் முடிந்தால் படத்தை நிறுத்தி அடுத்ததை மாட்ட வேண்டும். ஜனங்கள் முறுக்கு கடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். கூட இருப்பவர் ரீல் மாற்றுகிற நேரத்தில் ஹயாத் பாஷா மிஷினின் கார்பன் விளக்குச் சூட்டில் வெந்துபோன முகத்தைக் காற்றில் காட்டப் பின்பக்கம் வருவான். அங்கேதான் சுவர். முதலில் பேசியது யார் என்று கேட்காதீர்கள், அவள்தான். கதை பாதியில் நின்றால் எந்த மனுஷிக்குத் தாங்கும்?

“இப்ப டமால்னு ஒண்ணு விழுந்துச்சே, என்னாங்க அது?” என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்த செருப்புச் சத்தம் நின்றது. பிறகு, “பூ ஜாடி” என்றது ஒரு குரல். “அம்மாக்காரி மயங்கி விழுந்தப்ப கை பட்டுடுச்சி.”

“அப்புறம் ஏன் யாருமே பேசல? படம் நின்னுபோச்சா?”

“நிக்கலயே. டாக்டர் வந்து கண்ணாடியைக் கழட்டிட்டுத் தலையை ஆட்டினாரு. அவ்ளோதான்.”

“செத்துட்டாங்களா?”

“பின்ன?”

“அடப் பாவமே” என்றாள் சுல்தானா. தைத்துக்கொண்டிருந்த உறையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து ரீலுக்கு ரீல் பேச்சு. சத்தமில்லாமல் நடப்பதை எல்லாம் அவன் சொல்லுவான். மழையில் நனைந்த கதாநாயகி எப்படி நின்றாள், கடிதத்தைக் கிழித்தவன் முகம் எப்படி இருந்தது, குளத்தில் கல் விழுந்ததும் நிலா எப்படி உடைந்தது. வீட்டில் அவர்கள் பேசுவது உருது. சுவரோரம் இவர்கள் பேசியது சினிமாத் தமிழ். அவன் சுவர் ஏறியதில்லை, அவள் ஏணி வைத்ததில்லை. குரலோடு குரல். அவன் எச்சில் விழுங்குவதைக்கூட அவளால் சொல்ல முடியும், சளி பிடித்திருந்தால் அவன் சொல்வதற்கு முன்பே “தொண்டையில என்னா?” என்று கேட்பாள். ரம்ஜான் தொழுகைக்குப் போகும் கூட்டத்தில் அவனை இரண்டொரு முறை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். வெள்ளைச் சட்டை, ஒல்லி உடம்பு, அவ்வளவுதான். முகம் அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. ஆசை வைத்துவிட்டாள். வாயால் சொல்லிக்கொள்ளவில்லை, ஆனால் ரெண்டு பேருக்கும் தெரியும்.

ஹயாத் பாஷா முறையாகத்தான் ஆரம்பித்தான், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். தன் சித்தப்பாவைப் பெண் கேட்க அனுப்பினான். ரஷீத் அவரை உட்கார வைத்தார், டீ கொடுத்தார், பிஸ்கட் கொடுத்தார், வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார். பதில் மட்டும் ஒரே வரி. “கொட்டாய் இன்னிக்கு இங்க, நாளைக்கு எங்கியோ. எம் பொண்ணு கூடாரத்துலயா குடித்தனம் பண்ணும்?”

அடுத்த மாதமே காவேரிப்பட்டணத்திலிருந்து மாப்பிள்ளை பேசி முடித்தார்கள். மாங்காய் மண்டிக்காரர், பெயர் முனவ்வர். குடி கிடையாது, சீட்டு கிடையாது, பெற்ற தாயைக் கையில் வைத்துத் தாங்குகிறவர் என்று விசாரித்த எல்லோரும் சொன்னார்கள். அதுதான் சுல்தானாவுக்குச் சிக்கல். சினிமாவில் இந்த இடத்தில் வருகிற மாப்பிள்ளை ஒன்று கிழவனாக இருப்பான், இல்லை அயோக்கியனாக இருப்பான். அவனை வேண்டாம் என்று சொல்ல நூறு காரணம் கிடைக்கும். நல்லவனை என்ன சொல்லித் தட்டிக் கழிப்பது?

இதற்கிடையில் கொட்டாயின் லைசென்ஸ் முடிந்துபோனது. கூரையைப் பிரிக்க ஆள் வந்துவிட்டார்கள். கடைசி ஆட்டம் நடந்த சாயங்காலம் அவள் ஊசியைத் தொடவே இல்லை. சுவரில் தலையை முட்டுக்கொடுத்து நின்றாள். முதல் ரீல் நின்றதும் அவன் வந்தான்.

“நீங்க வந்து நிறுத்துங்க” என்றாள்.

“என்னாத்த?”

“நிக்காஹ். எல்லார் எதிர்லயும் வந்து, இவளுக்கு இதுல இஷ்டம் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும். நீங்க சொன்னா நான் வெளிய வந்து ஆமான்னு சொல்லிடுவன். மொத வார்த்தைதான் எனக்கு வாயில வராது. எங்க அப்பா மூஞ்சியப் பார்த்தா நாக்கு ஒட்டிக்குது.”

அவன் சிரித்துவிட்டான். “அதெல்லாம் படத்துல, சுல்தானா...”

“சிரிக்காதீங்க!” அவள் குரல் உடைந்தது. “எனக்கு வேற யாரு இருக்கா, சொல்லுங்க. கொட்டாயும் போவுது, நீங்களும் போறீங்க. நான் இந்தச் சுவத்துல முட்டிக்கிட்டுச் சாவட்டுமா?”

உள்ளே கூட்டம் விசிலடித்தது. ரீலைப் போடச் சொல்லிக் கத்தினார்கள்.

“நேரத்துக்கு வருவீங்களா?”

“வரன்.”

“நெசமா?”

“வரன்னு சொல்றனில்ல” என்றான். போய்விட்டான். அடுத்த ரீல் முடிந்தபோது அவள் காத்திருந்தாள். அவன் பின்பக்கம் வரவில்லை.

கொட்டாய் இருந்த இடம் வெறும் பொட்டலாகிவிட்டது. சாயங்காலம் ஆனால் பின்கட்டில் அப்படி ஓர் அமைதி. சுல்தானாவுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது. அவன் பொம்மிடியில் வேறு ஒரு தியேட்டரில் சேர்ந்துவிட்டதாகக் கேள்வி. இவள் வீட்டில் கல்யாண வேலை நடக்கிறது. மாப்பிள்ளை வீட்டுக்கென்று தனியாக ஒரு இலவம்பஞ்சு மெத்தை, சிவப்பு வெல்வெட்டில். அதைத் தைத்ததும் அவளேதான். வேறு யார் தைப்பார்கள்? ஒவ்வொரு தையலுக்கும் வயிறு எரிந்தது.

ஒரு நாள் துணிந்து அம்மாவிடம் வாயைத் திறந்தாள். அஸ்கரி பேகம் அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார்.

“அம்மா, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்மா.”

அஸ்கரி பேகம் கத்தியை நிறுத்தவில்லை. “எந்தப் பொண்ணுதான் வேணும்னு சொல்லிச்சி?”

“நான் வெளையாடல. எனக்கு மனசு இல்ல.”

“மெள்ளப் பேசு. அப்பா காதுல விழுந்துச்சின்னா நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்துடுவாரு. அவரு செத்துப்போனா உனக்குச் சந்தோசமா?”

சினிமாவே பார்க்காத அம்மா இந்த வசனத்தை எங்கே பிடித்தார் என்று தெரியவில்லை. சரியாக அந்த இடத்தில், சரியாக அந்த வார்த்தையில் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு நெஞ்சு வலி கிஞ்சு வலி ஒன்றும் கிடையாது. மூட்டை மூட்டையாகப் பஞ்சு தூக்குகிறவர். இருந்தாலும் பயம் பயம்தானே.

பிறகு அவள் பிடித்துத் தொங்கியது அவன் சொன்ன அந்த ஒரே வார்த்தையைத்தான். வரன். பொம்மிடிக்குத் தங்கச்சியைப் பார்க்கப் போய்வருகிற பால்காரம்மா ராமக்காளிடம், “அக்கா, உங்க காலைப் புடிச்சிக் கேக்கறன், அவரைப் பார்த்து நாள் எது, நேரம் எதுன்னு மட்டும் சொல்லிட்டு வாங்க” என்று கெஞ்சினாள். ராமக்காள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், நல்ல மனசுக்காரி. போய்ப் பார்த்துச் சொல்லிவிட்டும் வந்தாள்.

“என்னா சொன்னாரு?”

“தலையை ஆட்னாரும்மா.”

“வாயைத் தொறந்து ஒண்ணும் சொல்லலயா?”

“வரன்னு சொல்லுங்கன்னாரு. டீ வாங்கிக் குடுத்தாரு.” ராமக்காள் பாலை ஊற்றிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “நீ ரொம்ப நம்பாத, பாப்பா.”

நம்பாமல் வேறு என்ன செய்வாள்? கையில் வேறு எதுவும் இல்லாதவளிடம் நம்பாதே என்றால், அவள் எதைத் தின்று நாளைக் கழிப்பாள்?

கல்யாணத்தன்று தெருவை அடைத்துப் பந்தல். ஆண்கள் எல்லாம் பந்தலில், பெண்கள் வீட்டுக்குள். நடுவாசலில் பெரிய ஜமுக்காளத்தைக் கட்டி மறைத்திருந்தார்கள். ரஷீதுக்குப் பிடிக்காது என்று மைக் செட் வைக்கவில்லை. காவேரிப்பட்டணத்து வேனோடு பேண்டு செட் ஒன்று வந்து இறங்கியது. வாசலிலேயே அவர்களை, நிக்காஹ் ஓதிவைக்க வந்த ஹஜ்ரத் கையமர்த்திவிட்டார். “மொதல்ல நிக்காஹ். முடியிற வரைக்கும் ஒருத்தரும் வாசிக்கக் கூடாது. அப்புறம் உங்க இஷ்டம்.” பேண்டுக்காரர்கள் டிரம்மை மடியில் வைத்துக்கொண்டு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். இந்தப் பேச்சு உள்ளே இருந்த சுல்தானாவின் காதுக்கு எட்டவில்லை. பேண்டு வந்திருக்கிறது என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். சரி, மேளம் இருக்கிறது, அது ஏறும்போது அவன் வருவான் என்று நினைத்துக்கொண்டாள்.

இங்கே ஒன்றை விளக்கிவிட வேண்டும். முஸ்லிம் கல்யாணத்தில் மணை கிடையாது, கெட்டிமேளத்தோடு முடிச்சுப் போடுகிற அந்த நிமிஷமும் கிடையாது. பெண்ணுக்காகப் பேச ஒருத்தர் இருப்பார். அவருக்கு வக்கீல் என்று பெயர். அவர் இரண்டு சாட்சிகளோடு உள்ளே வந்து, இன்னாருக்கு, அவர் தருகிற இவ்வளவு மஹர் பணத்துக்கு, உன்னை நிக்காஹ் செய்து கொடுக்கச் சம்மதமா என்று பெண்ணைக் கேட்பார். வெளியே போய் ஹஜ்ரத்திடம் சொல்வார். மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டேன் என்பார். முடிந்தது நிக்காஹ். கருகமணி கட்டுவது, ஆரத்தழுவுவது, அழுவது, சிரிப்பது எல்லாம் அதற்குப் பிறகு. இது பந்தலில் உட்காருகிற எந்த ஆணுக்கும் தெரியும்.

சுல்தானாவும் எத்தனையோ கல்யாணங்களுக்குப் போனவள்தான். ஆனால் பெண்கள் பக்கத்தில் அந்தக் கேள்வி ஒரு விளையாட்டு. மூன்று ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டு வருவார்கள், ஏதோ முணுமுணுப்பார்கள், பெண் பேசமாட்டாள், பெரியம்மாக்கள் சிரிப்பார்கள், அவர்கள் போய்விடுவார்கள். கருகமணி கட்டும்போதுதான் கூச்சலும் கும்மாளமும். அந்தக் கூச்சலைத்தான் அவள் கல்யாணம் என்று நினைத்திருந்தாள். தாலி கட்டுகிற இடம் அதுதான் என்று அவள் கணக்கு.

மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் முகம்மது கவுஸ் உள்ளே வந்தார். சுல்தானாவின் தாய்மாமன், அவர்தான் வக்கீல். பின்னால் சாட்சிகள் இரண்டு பேர். சரிகை முக்காட்டுக்குள் குனிந்து உட்கார்ந்திருந்தவளின் முன்னால் அவர் மண்டியிட்டு உட்கார்ந்தார். கவுஸ் மாமு தங்கமான மனிதர். சின்னதில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒகேனக்கல் பரிசலில் உட்கார்ந்து போனவர்.

“அம்மா சுல்தானா” என்றார். மாப்பிள்ளையின் பெயரைச் சொன்னார், அவருடைய அப்பா பெயரைச் சொன்னார், மஹரைச் சொன்னார். “உனக்குச் சம்மதமாம்மா?”

சுல்தானா காதைத் தீட்டிக்கொண்டாள். வெளியே பேச்சுச் சத்தம், பாத்திரச் சத்தம். மேளம் இல்லை. அப்படியென்றால் இன்னும் நேரம் வரவில்லை. இப்போதே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்? அவன் இன்னும் வரவில்லை. தனியாக மாட்டிக்கொள்வாள். அம்மா மயங்குவார், அப்பா வருவார், அடித்தாலும் அடிப்பார், கதவைப் பூட்டிவிடுவார்கள். அவன் வந்து நிற்கும்போது இவள் வெளியே வர முடியாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒன்றுமில்லை. சரி என்று சொல்லவில்லையே, அதனால் ஒன்றும் ஆகாது. இப்படித்தான் அவள் நினைத்தாள். அப்படி ஒரு கணக்குப் போட்டாள், பாவி மகள்.

“சொல்லும்மா” என்றார் மாமு இரண்டாம் முறை. “சம்மதமா?”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“வெக்கப்படுறா” என்றார் ஒரு பெரியம்மா. பெண்கள் சிரித்தார்கள்.

“கொஞ்சம் சும்மா இருங்க” என்றார் மாமு. அவருக்கு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “மனசுல என்னா இருந்தாலும் மாமுகிட்ட சொல்லுடா கண்ணு. நான் இருக்கன்” என்றார்.

அந்த நிமிஷம் அவள் அழுதிருந்தாலும் போதும். தலையை இடவலமாக ஒரே ஒரு தரம் அசைத்திருந்தாலும் போதும். அந்த மனிதர் எழுந்துபோய்க் கல்யாணத்தை நிறுத்தியிருப்பார், அப்துல் ரஷீதோடு மல்லுக்கு நின்றிருப்பார். கல்யாணத்தை நிறுத்தக்கூடிய ஆள் எதிரிலேயே மண்டியிட்டு உட்கார்ந்து கெஞ்சுகிறார், இவள் காது எங்கேயோ தெருவில் இருக்கிறது! அவள் கல்லுமாதிரி உட்கார்ந்திருந்தாள்.

கவுஸ் மாமு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு, அவள் தலையில் கை வைத்து, “அல்ஹம்துலில்லாஹ்” என்று எழுந்தார். கன்னிப் பெண்ணின் மௌனம் சம்மதம். அது அவர் கண்டுபிடித்ததல்ல, வழிவழியாக வருவது. மூன்று பேரும் ஜமுக்காளத்தை விலக்கிக்கொண்டு போனார்கள்.

வெளியே சந்தடி குறைந்தது. ஹஜ்ரத் அரபியில் ஓதுவது முணுமுணுப்பாகக் கேட்டது. எந்தக் கல்யாணத்திலும் ஓதுவார்கள்தானே என்று அவள் அதைச் சட்டை பண்ணவில்லை. வேன் சத்தம் கேட்டால் திடுக்கென்றது. சைக்கிள் மணி கேட்டால் திடுக்கென்றது. பொம்மிடியிலிருந்து வருகிறவன் தர்மபுரியில் பஸ் மாற வேண்டும். தக்காளி மூட்டை ஏற்றுகிறேன் என்று அந்த பஸ்காரன் நிறுத்தி நிறுத்தி வருவான். வந்துவிடுவான், வந்துவிடுவான். “யா அல்லாஹ், அவரைக் கொண்டாந்து விட்டுடு” என்று உள்ளுக்குள் கதறிக்கொண்டிருந்தாள். உள்ளங்கை மருதாணி வியர்வையில் பிசுபிசுத்தது.

வெளியே ஏதோ கேட்டார்கள், யாரோ பதில் சொன்னார்கள். சத்தமே எழவில்லை. பிறகு ஹஜ்ரத் துவா கேட்கத் தொடங்கினார். அவர் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, பந்தலே சேர்ந்து சொன்னது.

“ஆமீன்.”

சுல்தானா நிமிர்ந்தாள்.

“ஆமீன்.”

அந்தக் கூட்டத்துக்குள் ஒரு குரல். ஜமுக்காளத்துக்குப் பக்கத்திலேயே, கைநீட்டினால் தொடுகிற தூரத்தில். அவளுக்கா தெரியாது? ஊரே சேர்ந்து பேசினாலும் அந்தக் குரலை அவளால் தனியாகப் பிரித்து எடுக்க முடியும். வந்துவிட்டான்! ஒரு நொடி, ஒரே ஒரு நொடி அவள் பட்ட சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகவாவது அவன் வராமல் இருந்திருக்கலாம். முக்காட்டைப் பிடித்துக்கொண்டு எழப்போனாள். இப்போது சொல்வான். அடுத்தது அதுதான்.

“ஆமீன்” என்றான் ஹயாத் பாஷா. தெளிவாக, பக்தியாக, தொண்டை கொஞ்சம் கரகரக்க.

நேரத்துக்குத்தான் வந்திருந்தான். அவனுக்கா நேரம் தெரியாது? எத்தனை நிக்காஹ் பந்தலில் உட்கார்ந்தவன்! மாமு வெளியே வந்து சம்மதம் என்று சொன்னபோதும் இருந்தான், மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டேன் என்றபோதும் இருந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தானோ, பயந்துபோய் இருந்தானோ, அவளே சம்மதித்துவிட்டாள் என்று நினைத்து மனசு விட்டுப்போனானோ, யாருக்குத் தெரியும்? என்னவோ ஒன்று. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, எல்லோரும் கையேந்தியபோது அவனும் ஏந்தினான்.

சடசடவென்று பந்தலில் பேரீச்சம்பழமும் கல்கண்டும் வந்து விழுந்தன. உள்ளே பெண்கள் பாய்ந்து வந்து அஸ்கரி பேகத்தைக் கட்டிக்கொண்டார்கள். “முபாரக், முபாரக்!”

“எதுக்கு முபாரக்?” என்றாள் சுல்தானா. குரல் யாருடையதோ போல இருந்தது. “எதுக்குக் காலா முபாரக் சொல்றீங்க?”

“கேக்கறதப் பாருங்கடி!” அம்மாவின் தங்கை அவள் கன்னத்தைக் கிள்ளினாள். “நிக்காஹ் ஆயிடுச்சிடி, பைத்தியம். நீ இப்ப காவேரிப்பட்டணத்துக்காரி.”

அவளுக்கு ஈரக்குலையே அறுந்துபோன மாதிரி இருந்தது. எப்போது? எப்போது ஆயிற்று? யாரும் ஒன்றுமே செய்யவில்லையே! அதே நேரம் வேப்ப மரத்தடியில் பேண்டு செட் கிளம்பியது. டிரம் எகிறியது, கிளாரினெட் கத்தியது, ஜமுக்காளமே அதிர்ந்தது. சுல்தானா எழுந்து நின்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

“நிறுத்துங்க!”

ஒருத்தர் காதிலும் விழவில்லை. பெண்கள் சிரித்துக்கொண்டே கருகமணியைத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார்கள். “நிறுத்துங்க! நிறுத்துங்க!” டிரம் இன்னும் ஏறியது. அவளுடைய வாய் திறந்து மூடுவதைப் பார்த்தது அஸ்கரி பேகம் மட்டும்தான். ஓடிவந்து மகளை இரண்டு கையாலும் பிடித்து உட்கார வைத்தார்.

“அம்மா, நான் சம்மதம்னு சொல்லலம்மா.” சுல்தானா அவர் புடவையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். “மாமு கேட்டாரில்ல, நான் வாயே தொறக்கல. நீ பக்கத்துலதான இருந்த? நீ சொல்லும்மா அவங்ககிட்ட. நான் சொல்லவே இல்லம்மா!”

அஸ்கரி பேகம் தட்டிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்தார். கொட்டையை நகத்தால் நீக்கி, கதறிக்கொண்டிருந்த வாய்க்குள் வைத்து, மேலே தன் உள்ளங்கையைப் பொத்தினார். பேண்டு சத்தத்துக்கு நடுவே மகளின் காதோடு வாயை வைத்தார்.

“என் கல்யாணத்தன்னிக்கி நானுந்தான்டி சொல்லல” என்றார். “மென்னு முழுங்கு.”